படகுகள் போகாத சனிக்கிழமை

காரைக்கால்மேடு
18 ஆகஸ்ட் 2024

அன்புத் தம்பி முகிலனுக்கு,

அக்கா தீபா எழுதுகிறேன். அப்பா, அம்மா, நான், உன் மச்சான் நால்வரும் சுகம். அந்த ஊர்ச் சாப்பாடு உன் வயிற்றுக்கு ஒத்துக்கொள்கிறதா, அதை முதலில் எழுது.

சரக்கு எடுக்கப் பாங்காக் போகும் பீர் மைதீன் பாய் கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன். கூடவே நெத்திலிக் கருவாடு. போன் இருக்கும்போது கடிதம் எதற்கென்று சிரிக்காதே. ஞாயிற்றுக்கிழமை நீ கூப்பிட்டதும் அப்பா ஸ்பீக்கரைப் போட்டுக்கொண்டு ஏலக்கூடத்தைப் பார்த்து நடக்க ஆரம்பித்துவிடுகிறார். பாதி ஊர் உன்னோடு பேசுகிறது. "சாப்டேன், நல்லா இருக்கேன்" என்பதைத் தவிர நீ வேறு என்ன சொல்ல முடியும். மனதில் இருப்பதை எழுதி பாயிடம் கொடு. அவர் மாதம் ஒரு நடை வந்து போகிறார்.

உனக்கு ஃப்ளெக்ஸ் வைத்திருக்கிறார்கள். மாநில குத்துச்சண்டைச் சாம்பியன், தேசியப் போட்டியில் வெண்கலம், இன்று முதல் தொழில்முறை வீரர் என்று நீளமாகப் போகிறது. பஞ்சாயத்துத் தலைவர் குஞ்சிதபாதம் செலவு. அவர் படம் உன் படத்தைவிடப் பெரியது. மீன் கூடையோடு தினமும் அதைத் தாண்டித்தான் போகிறேன், தினமும் எனக்குக் குமட்டுகிறது. நீ ஊரில் பயிற்சி செய்த ஏழு வருஷமும் ஒரு ஷூ வாங்கித் தர ஆள் இல்லை. விளையாட்டுக் கோட்டா வேலைக்கு அலைந்து அலைந்து திரும்பி வந்தாயே, அப்போது இதே வாய்கள்தான் "குத்துறதுக்கு எவன்டா சம்பளம் குடுப்பான்" என்று சிரித்தன. விமானம் ஏறியதும் நம்ம புள்ளை ஆகிவிட்டாய்.

முதல் சண்டை நடந்துவிட்டதா? ஜெயித்தாயா? அம்மா சனிக்கிழமைதோறும் திருநள்ளாறு போய் உனக்காக எள் விளக்கு ஏற்றுகிறாள்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அக்கா
தீபா


பாங்காக்
22 செப்டம்பர் 2024

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பியின் வணக்கம். நான் நன்றாக இருக்கிறேன். கருவாடு கிடைத்தது. ஜிம்மில் பொரித்தேன், கூடத் தங்கியிருப்பவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடிவிட்டார்கள். எனக்கே எல்லாம் கிடைத்தது.

தங்கியிருப்பது ஜிம்முக்கு மேல் தளத்தில், ஒரு அறையில் ஆறு பேர். போன் பகலில் மேனேஜர் அலமாரியில் பூட்டியிருக்கும். அவர் நம் நாட்டுக்காரர்தான், இங்கே பல வருஷமாக இருக்கிறார். சண்டை நடக்கும் இடம் பெரிய ஸ்டேடியம் என்று நினைக்காதே. ஒரு மார்க்கெட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகை. ஒரே துண்டால் மூன்று பேர் முகத்தைத் துடைக்கிறார்கள். எச்சில் துப்பும் வாளியை யாரும் கழுவுவதில்லை. முதல் நாள் அதைப் பார்த்து வாந்தி எடுத்தேன், இப்போது பழகிவிட்டது. கையுறையில் பஞ்சு நாம் பழகியதைவிடக் குறைவு.

இரண்டு சண்டை முடிந்தன. உடம்புக்கு ஒன்றுமில்லை. அப்பாவிடம் எல்லாம் நல்லபடியாகப் போகிறது என்று சொல். அம்மாவை வெயிலில் திருநள்ளாற்றுக்கு அலைய வேண்டாம் என்று சொல்.

மச்சானைக் கேட்டதாகச் சொல்லவும்.

தம்பி
முகிலன்


காரைக்கால்மேடு
10 நவம்பர் 2024

அன்புத் தம்பிக்கு,

நாங்கள் சுகம். மழை கொட்டுகிறது. புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றியிருக்கிறார்கள், படகுகள் கரையில் கிடக்கின்றன. மச்சான் வேலை செய்யும் ஐஸ் கம்பெனியிலும் வேலை இல்லை. உனக்குச் சளி, காய்ச்சல் ஏதும் உண்டா?

உன் கடிதத்தை நாலு முறை படித்தேன். வாளியைப் பற்றி எழுதியிருக்கிறாய், துண்டைப் பற்றி எழுதியிருக்கிறாய். ஜெயித்தேன் என்று எழுதவில்லை. தோற்றேன் என்றும் எழுதவில்லை. "இரண்டு சண்டை முடிந்தன" என்பதை அப்பாவிடம் வாசித்துக் காட்டினேன். அவர் ஏலக்கூடம் போய்ச் சேருவதற்குள் அது இரண்டு வெற்றி ஆகிவிட்டது. இப்போது ஊர்க் கணக்கில் நீ ஐந்து பேரை அடித்துப் படுக்கப் போட்டிருக்கிறாய்.

நம் தெருப் பையன்கள் உன் பெயரை நெட்டில் தேடிப் பார்த்தார்கள். இல்லை. "பெரிய சண்டைல்லாம் நெட்ல போட மாட்டாங்க" என்று குஞ்சிதபாதம் விளக்கம் சொல்லியிருக்கிறார். அவருக்கு எல்லாம் தெரியும்.

போன வாரம் போனில், ஜனவரியில் நடக்கும் சண்டையை ஃபேஸ்புக்கில் நேரடியாகக் காட்டுவார்கள் என்று ஏன் சொன்னாய்? ஸ்பீக்கர் போட்டிருக்கும் என்று உனக்குத் தெரியாதா. எல்இடி திரை வாடகைக்கு எடுக்க அன்றைக்கே கிளம்பிவிட்டார்கள்.

எனக்கு மட்டும் உண்மையை எழுது. நான் ஸ்பீக்கர் போட மாட்டேன்.

தீபா


பாங்காக்
29 டிசம்பர் 2024

அக்கா,

நலம். நீங்கள் எல்லோரும் நலமாக இருக்க வேண்டும்.

நான் இங்கே ஒரு சண்டையிலும் ஜெயிக்கவில்லை. என்னை ஜெயிப்பதற்காகக் கூட்டி வரவில்லை. இங்கே வளர்ந்து வரும் பையன்களுக்கு வெற்றிக் கணக்கு வேண்டும். அதற்கு வெளிநாட்டிலிருந்து, பதக்கம் வாங்கிய, பார்க்க உடம்பாக இருக்கிற ஆள் வேண்டும். அந்த ஆள் நான். போஸ்டரில் என் பெயர்கூட இல்லை. டைகர் சிங் என்று போடுகிறார்கள். இந்தியன் என்றால் சிங் என்றிருந்தால்தான் டிக்கெட் விற்குமாம். பையன்கள் தேடிக் கிடைக்காமல் போனது அதனால்தான்.

முதல் இரண்டில் உண்மையாகவே மோதினேன். என்னைவிட இரண்டு எடைப் பிரிவு பெரியவன் ஒருவன், இன்னொருவனும் அப்படியே. அடி வாங்கித்தான் தோற்றேன். மூன்றாவது சண்டையில், எப்படியும் தோற்கப் போகிறேன், நாலு ரவுண்டும் நின்று அடி வாங்குவானேன் என்று சீக்கிரம் படுத்துவிட்டேன். அன்றிரவு மேனேஜர் தோளில் தட்டி, "உனக்கு அழகா விழ வருது" என்றார். அக்கா, கோச் பதக்கத்துக்குப் பாராட்டிய நாளில்கூட என் முகம் அப்படி மலர்ந்ததில்லை. சிரித்தேன். அப்புறம் கழிவறையில் போய் உட்கார்ந்திருந்தேன். என்மேலேயே ஒரு நாற்றம் அடித்தது.

ஜனவரி 25 சனிக்கிழமைச் சண்டையிலும் மூன்றாவது ரவுண்டைத் தாண்டக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். பதினெட்டு வயதுப் பையன் ஒருவனுக்கு அது முக்கியமான சண்டையாம். எப்படியாவது அந்தத் திரையை நிறுத்து. கரண்ட் இல்லை, நெட் இல்லை, எதையாவது சொல். அப்பா மட்டும் பார்க்கக் கூடாது.

முகிலன்


காரைக்கால்மேடு
12 ஜனவரி 2025

தம்பி,

சுகம் விசாரிக்கிற நிலையில் நானும் இல்லை, நீயும் இல்லை. பாய் இன்று கிளம்புகிறார், அவசரமாக எழுதுகிறேன்.

உன் கடிதத்தை அப்பாவிடம் முழுதாக வாசித்துக் காட்டினேன். வேறு வழி எனக்குத் தெரியவில்லை. அவர் வலையைப் பிரித்துக்கொண்டே கேட்டார். முடிந்ததும், "இதை ஒங்கம்மாகிட்ட சொல்லாத" என்றார். அவர் போய் பஞ்சாயத்தில் நிறுத்தச் சொல்வார் என்று காத்திருந்தேன். போகவில்லை.

அதற்குள் பஞ்சாயத்தார் கூடிக் கட்டுப்பாடு போட்டுவிட்டார்கள். 25ஆம் தேதி ஊரில் ஒரு படகும் கடலுக்குப் போகக் கூடாது. திருவிழாவுக்கும் சாவுக்கும் போடுகிற கட்டுப்பாடு. அதைக் கேட்டபோது அப்பா முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது, எனக்கு அது பிடிக்கவில்லை. வீட்டுக்கு வந்து என்னிடம் சொன்னார்: "ஊரே தொழில விட்டுட்டு ஒக்காந்து பாக்குதுன்னு தெரிஞ்சா அவன் விழ மாட்டான் பாரு. நம்ம ரெத்தம் விழாது."

சண்டைக்கு முந்தின வெள்ளிக்கிழமை உன்னோடு பேசப் போகிறாராம். அவர் பேச்சைக் கேட்காதே. முடியாதென்று சொல்லிவிட்டு, முதல் விமானத்தில் திரும்பி வந்துவிடு.

தீபா


காரைக்கால்மேடு
26 ஜனவரி 2025

முகிலனுக்கு,

பாய் எப்போது போவாரென்று தெரியாது. இன்றைக்கு எழுதாவிட்டால் என்னால் எழுத முடியாது.

ஏலக்கூடத்தை பிளீச்சிங் போட்டுக் கழுவியிருந்தார்கள். மீன் வைக்கிற இடத்தில் திரை. பெண்கள் ஐஸ் பெட்டிகள்மேல் உட்கார்ந்திருந்தோம். அம்மா வரவில்லை. திரையில் சிங் என்று பெயர் வந்ததும் சலசலப்பு. "பட்டம் குடுத்துருக்காங்கய்யா, சிங்குன்னா சிங்கம்" என்றார் குஞ்சிதபாதம். ஊரே கை தட்டியது.

முதல் ரவுண்டில் நீ அந்தப் பையனை அடித்தாய். அவன் புருவம் கிழிந்தது. கூடம் அதிர்ந்தது. அப்பா தூணைப் பிடித்துக்கொண்டு என்னைத் திரும்பிப் பார்த்தார், பார்த்தியா என்பதுபோல. ஒரு நிமிஷம் நானும் நம்பிவிட்டேன். அதை நினைத்தால்தான் இப்போது அதிக அசிங்கமாக இருக்கிறது.

மூன்றாவது ரவுண்டில் அவன் கை உன் தாடையை உரசியது. நீ விழுந்தாய். ஒரு முட்டியை ஊன்றி எழுந்து, நடுவரைப் பார்த்துவிட்டு, மறுபடி படுத்தாய். எனக்குப் பின்னால் ஒருத்தி சொன்னாள், "அடியே, அவன் மேல அடியே படலயேடி." இவர்கள் கடலில் அலையால் தூக்கி எறியப்பட்டவர்கள். எந்த விழுதல் நிஜம் என்று இவர்களுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை.

கத்தினார்கள். ஊர் மானம் போனதற்குக் கத்துகிறார்கள் என்று நினைத்தேன். இல்லை. பக்கத்து ஊர்க்காரர்களோடு உன்மேல் பந்தயம் கட்டியிருக்கிறார்கள். பஞ்சாயத்துத் தலைவர் கட்டியது தன் புது வலையை. கரை முழுக்க ஒரு நாள் தொழிலை நிறுத்தியவர்கள், கோயில் வாசலில் ஒழுக்கம் பேசுகிறவர்கள், அத்தனை பேரும் உன்னைச் சேவல்போலத்தான் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். உன் மேனேஜருக்கும் இவர்களுக்கும் என்ன வித்தியாசம் என்று நீயே சொல்.

ஒருவன் அப்பா காலடியில் காறித் துப்பினான். அப்பா நகரவில்லை. நான்தான் கையைப் பிடித்து அழைத்து வந்தேன்.

உன்மேலும் எனக்கு அருவருப்புதான். மறைக்க மாட்டேன்.

தீபா


பாங்காக்
20 பிப்ரவரி 2025

அக்காவுக்கு,

வணக்கம் சொல்ல எனக்கு உரிமை இருக்கிறதா தெரியவில்லை. அம்மாவுக்கு முட்டிவலி எப்படி?

வெள்ளிக்கிழமை அப்பா பேசினார். "ஊரே தொழிலுக்குப் போவாம ஒன்னப் பாக்கப்போவுது, பாத்து நடந்துக்க" என்றார். அவ்வளவுதான் சொன்னார். மறுநாள் ரிங்கில் ஏறியதும் அது காதில் கேட்டுக்கொண்டே இருந்தது. அதனால்தான் முதல் ரவுண்டில் அடித்தேன். நான் யாரையும் அடித்து எத்தனையோ மாதம் ஆகியிருந்தது. நன்றாக இருந்தது. அதையும் உன்னிடம் மறைக்கவில்லை.

இரண்டாவது ரவுண்டு முடிந்து மூலையில் உட்கார்ந்தபோது மேனேஜர் தண்ணீர் கொடுத்தார். காதோரம் குனிந்து, "உன் பாஸ்போர்ட் யார்கிட்ட இருக்கு?" என்று கேட்டார். கோபமாகக்கூட இல்லை. அந்த வாளியை என் முகத்தருகே பிடித்துக்கொண்டே கேட்டார்.

விழுந்தேன்.

சண்டைக்குப் பிறகு அந்தப் பையன் வந்து கும்பிட்டான். அவனுக்கு எதுவும் தெரியாது, தான் ஜெயித்ததாகவே நினைத்துக்கொண்டிருக்கிறான். எனக்கு அவன் முகத்தைப் பார்க்கவே பிடிக்கவில்லை.

இப்போதெல்லாம் பெரிய ஆட்களோடு பயிற்சிக்கு நிறுத்துகிறார்கள். அவர்கள் அடித்துப் பழக ஒரு உடம்பு வேண்டும். காலையில் கொஞ்சம் தலை சுற்றும், டீ குடித்தால் சரியாகிவிடும். வேறொன்றும் இல்லை.

அம்மாவுக்கு முட்டிவலி எப்படி?

முகிலன்


காரைக்கால்மேடு
9 மார்ச் 2025

தம்பி முகிலனுக்கு,

அம்மாவுக்கு முட்டிவலி அப்படியேதான். ஒரே கடிதத்தில் இரண்டு முறை கேட்டிருக்கிறாய். டாக்டரைப் பார்.

இங்கே நடந்ததைச் சொல்கிறேன். மாரியம்மன் கோயில் வாசலில் ஊர்க்கூட்டம் போட்டார்கள். பெண்கள் போகக் கூடாது, உன் மச்சான் போய்க் கேட்டு வந்து சொன்னதுதான். நீ ஊரைக் கூட்டி வைத்து ஏமாற்றிவிட்டாயாம். நீ நேரில் வந்து சபையின் முன் நெடுஞ்சாண்கிடையாக விழுந்து மன்னிப்புக் கேட்க வேண்டும். அதுவரைக்கும் அப்பாவின் படகு கடலில் இறங்கக் கூடாது, ஏலத்தில் எனக்கு யாரும் மீன் கொடுக்கக் கூடாது. பந்தயத்தைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை. கேட்ட உன் மச்சானை உட்காரச் சொல்லிவிட்டார்கள்.

அப்பா இப்போது திருநள்ளாற்றில் ஒரு லாட்ஜில் வாட்ச்மேன். சனிக்கிழமைக் கூட்டம் குளித்துவிட்டு அறையில் போட்டுப் போகிற எண்ணெய்த் துணிகளை அள்ளுகிற வேலையும் அவருக்குத்தான். கை வாடை போகவில்லையென்று சாப்பிடும்போது ஸ்பூன் கேட்கிறார். மீன் வாடை அவருக்கு ஒருநாளும் வாடையாக இருந்ததில்லை. நான் நாகப்பட்டினம் போய் மீன் எடுத்து சுரக்குடிப் பக்கம் தெருத்தெருவாக விற்கிறேன்.

நீ வந்து விழுந்துவிட்டால் எல்லாம் முடிந்துவிடும் என்று அம்மா அழுகிறாள். என்ன செய்யச் சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை. நடந்ததை எழுதிவிட்டேன்.

தீபா


பாங்காக்
30 மார்ச் 2025

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பியின் வணக்கம். எல்லோரும் சுகம்தானே. கருவாடு கிடைத்தது, நன்றாக இருந்தது.

இவ்வளவுதானா விஷயம்? இதற்கா அம்மா அழுகிறாள். தேதியைச் சொல், வந்து விழுந்துவிட்டுப் போகிறேன். எனக்கு அதில் ஒரு கஷ்டமும் இல்லை. எத்தனை மணிக்கு, எந்தப் பக்கம் தலை வைக்க வேண்டும், எவ்வளவு நேரம் கிடக்க வேண்டும் என்று மச்சானைக் கேட்டுத் தெளிவாக எழுதச் சொல். அழ வேண்டுமென்றால் அதையும் முன்கூட்டியே சொல்லட்டும். குஞ்சிதபாதம் திருப்திப்படும்படி செய்துவிடலாம்.

இங்கே என் வேலை முடிந்தது. சண்டைக்கு முன்னால் டாக்டர் ஒரு தாளில் கையெழுத்துப் போட வேண்டும், இனிமேல் எனக்குப் போட மாட்டேன் என்கிறாராம். ஏன் என்று மேனேஜர் சொல்லவில்லை. பாஸ்போர்ட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். ஜிம்மைப் பெருக்கிக் கொடுத்துச் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறேன்.

தேதி மட்டும் சொல்.

முகிலன்


காரைக்கால்மேடு
20 ஏப்ரல் 2025

அன்புத் தம்பி,

நாங்கள் இருக்கிறோம். மீன்பிடித் தடைக்காலம் தொடங்கிவிட்டது. எல்லார் படகும் கரையேறிவிட்டதால் நம் படகு தனியாகத் தெரியவில்லை.

நான் இந்த முறை கருவாடு அனுப்பவில்லை. அனுப்பியது போன ஆகஸ்டில். அந்த வரியைப் படித்ததிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. உன்மேல் இருந்த கோபமெல்லாம் எங்கே போனதென்று தெரியவில்லை. அருவருப்பு மட்டும் அப்படியே இருக்கிறது. அது இப்போது உன்மேல் இல்லை. உன் தலையில் அடித்துப் பழகியவர்கள்மேல், அதைத் திரை போட்டுப் பார்த்தவர்கள்மேல்.

அப்பாவிடம் உன் கடிதத்தை வாசித்தேன். எந்தப் பக்கம் தலை வைக்க வேண்டும் என்று கேட்டிருக்கிறாயே, அந்த இடத்தில் நிறுத்தச் சொன்னார். மறுபடி வாசிக்கச் சொன்னார். "எவ்வளவு சுளுவா கேக்குறான்" என்றார். எழுந்து கிணற்றடிக்குப் போய் வாந்தி எடுத்தார். அம்மா பித்தம் என்றாள்.

நேற்று என்னிடம் பேனா கேட்டார். ஐந்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவர், கையெழுத்தைத் தவிர அவர் எதையும் எழுதி நான் பார்த்ததில்லை. எழுதியதை என்னிடம் காட்டவில்லை. ஒட்டிக் கொடுத்தார். இதோடு வைத்திருக்கிறேன்.

உன் அக்கா
தீபா


காரைக்கால்மேடு
19 ஏப்ரல் 2025

சிரஞ்சீவி முகிலனுக்கு அப்பா உத்திராபதி ஆசீர்வாதம்.

இங்கு அனைவரும் சவுக்கியம். உன் சவுக்கியத்தை நேரில் பார்த்துத் தெரிந்துகொள்கிறேன்.

நேற்று குஞ்சிதபாதம் வீட்டுக்குப் போனேன். என் மகன் வருவான், ஆனால் விழ மாட்டான் என்று சொன்னேன். "அப்படியானால் தடைக்காலம் முடிந்தாலும் உன் படகு இறங்காது" என்றார். சரி என்று சொல்லிவிட்டு வந்தேன்.

படகு கரையில் கிடந்தால் இன்றைக்கு இல்லாவிட்டால் நாளைக்கு உன் அம்மா அழுவாள். அக்கா கஷ்டப்படுவாள். எனக்கே கை அரிக்கும். ஒரு நாள் நானே உன்னைப் போய் விழு என்று சொல்லிவிடுவேன். என்மேல் எனக்கு நம்பிக்கை இல்லை. ஊர் பார்க்கிறதென்று உன்னிடம் சொன்னவன்தானே நான்.

ஆகையால் இன்று காலை பாயின் மச்சினர் மூலமாகப் படகையும் இன்ஜினையும் நாகூர்க்காரர் ஒருவருக்கு விற்றுவிட்டேன். டிராக்டர் வைத்து இழுத்துப் போனார்கள், உன் அக்காவிடமும் அம்மாவிடமும் இன்னும் சொல்லவில்லை. நிறுத்தி வைக்க இனி ஊராரிடம் என்னுடையது ஒன்றுமில்லை.

டிக்கெட்டுக்குப் பணம் பாயிடம் இருக்கிறது. பகலில் வந்து சேரும்படி பார்த்து ஏறு. முதலில் தலையைப் பெரிய டாக்டரிடம் காட்ட வேண்டும், நான் கூட வருகிறேன்.

இப்படிக்கு
அப்பா